மையின் சாட்சி: கொரிய பௌத்த அச்சு நூல்களும் விஞ்ஞானப் பரிசோதனையும்



அச்சுக் கலையின் வரலாற்றைப் பயில்வோர் எவரும் பௌத்த சங்கத்தின் பெயரைக் கூறாது கடக்கவியலாது. ஆண்டு குறிக்கப்பெற்றுக் கிடைத்துள்ள முழு அச்சு நூல்களுள் மிகப் பழையது, கி. பி. 868-இல் சீனத்தில் அச்சான வச்சிரச்சேதிக சூத்திரம். வார்த்தெடுத்த உலோக எழுத்துக்களைக் கோத்து அச்சிட்டு இன்றும் எஞ்சியுள்ள நூல்களுள் மிகப் பழையது, 1377-இல் கொரிய நாட்டு விகாரம் ஒன்றில் அச்சான ஜிக்ஜி. ஜெர்மனியில் கூட்டன்பர்க் தமது விவிலியத்தை அச்சிட்டு முடித்தது 1455-ஐ ஒட்டியே. இவற்றைக் கேட்குந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு பெருமிதம் எழுகின்றது. அது இயல்பே.

ஆயினும் நமக்கு இனிக்கும் செய்தியையே நாம் முதலில் சோதித்தல் வேண்டும். கேள்விப்பட்டதாலோ, வழிவழி வந்ததாலோ, நம் கருத்துக்கு ஒத்திருப்பதாலோ ஒன்றை ஏற்க வேண்டா என்று காலாமர்களுக்குப் பகவான் அறிவுறுத்தியதை நாம் பிறரை நோக்கி எளிதாகக் கூறிவிடுகிறோம். நம்மை நோக்கிக் கூறிக்கொள்ளும் தருணம் அரிது. அத்தகைய தருணம் ஒன்று கொரிய மக்களுக்கு அண்மைக் காலத்தில் நேர்ந்தது. அதில் நடுநாயகமாக நின்ற சாட்சி, பழைய அச்செழுத்துக்களின் பள்ளங்களில் உலர்ந்து கிடந்த சிறிதளவு கரிய மை. அந்த மை யாது, அதை விஞ்ஞானிகள் எவ்வாறு வினவுகின்றனர், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. மை என்பது யாது?

கொரியாவின் பழைய மை நமக்கு அந்நியமான பொருளன்று. நம் இல்லங்களில் விளக்குச் சுடரின்மேல் தட்டைக் கவிழ்த்துப் படியும் கரியைத் திரட்டிக் கண்மை செய்வது பழைய வழக்கம். ஏட்டுச் சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கள் விளங்கித் தோன்றும்படி விளக்குக்கரியை இலைச்சாற்றோடு கலந்து தடவுவதும் நாம் அறிந்ததே. கொரிய மைக்கும் மூலப்பொருள் இதுவே: புகைக்கரி. அதனோடு சேர்வது விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்று வழங்குவது. கரியையும் பசையையும் நன்கு பிசைந்து, அச்சுக்களில் அழுத்திக் கட்டிகளாக்கி, வெடிப்புண்டாகாதபடி மெல்ல மெல்ல உலர்த்துவர். வேண்டும்பொழுது கல்லின்மேல் நீர் விட்டு அக்கட்டியை உரைத்து மையாக்கிக் கொள்வர்.

கரி இருவகையாகக் கிடைத்தது. பிசின் மிகுந்த பைன் மரத்தைச் சூளையிலிட்டு எரித்து, நீண்ட புகைவழியில் படிந்ததைத் திரட்டினால் அது பைன்கரி. சூளைக்கு அண்மையில் படிவது பருமையாகவும், தொலைவில் படிவது நுண்மையாகவும் இருக்கும். எள் முதலிய வித்துக்களின் எண்ணெயை விளக்கில் எரித்துத் திரட்டினால் அது எண்ணெய்க்கரி. இது பெரும்பாலும் நுண்ணிதாகவும் ஒரே சீராகவும் இருப்பது.

கரி பிற பொருள்களோடு எளிதில் வினைபுரிவதன்று. வெயிலிலும் காற்றிலும் நிறம் மாறுவதன்று. ஆதலால் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான எழுத்து இன்றும் கருமை குன்றாது நிற்கின்றது.

2. மரத்திற்கு ஏற்ற மை, உலோகத்திற்கு ஏற்ற மை

மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி அச்சிடுவது பழைய முறை. பலகைமேல் தூரிகையால் மை பூசி, தாளை விரித்து, மெழுகு தடவிய மயிர்த் திண்டினால் தாளின் முதுகைத் தேய்ப்பர். மரம் நீரைச் சிறிது உறிஞ்சுவதால் நீர் கலந்த மை அதன்மேல் பரவி நிற்கும். உலோகமோ நீரை ஏற்பதில்லை. தாமரையிலைத் தண்ணீர்போல் மை திரண்டு உருண்டு, ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் இன்றியும் போகும். இக்குறையைக் கொரிய அச்சாளர் நன்கறிந்திருந்தனர். மரப்பலகைக்குப் பைன்கரி மையும், உலோக எழுத்துக்கு எண்ணெய்க்கரி மையும் ஏற்றவை என்பது அவர்கள் மரபு.

கூட்டன்பர்க் இதே இடர்ப்பாட்டை வேறு வழியால் தீர்த்தார். அவர் நீரை விடுத்து, காய்ச்சிய எண்ணெயில் குழைத்த மையைக் கையாண்டார். 1980-களில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில், நுண்ணிய புரோட்டான் கற்றையை விவிலியத் தாள்களின்மேல் செலுத்தி அந்த மையை ஆராய்ந்தனர். அதில் செம்பும் ஈயமும் மிகுந்திருந்தன. இருநாட்டாரும் உலோக எழுத்தால் அச்சிட்டனர் எனினும், மையைப் பொறுத்தவரை அவர்கள் சென்ற வழிகள் வெவ்வேறு.

3. மையை வினவும் முறைகள்

பழைய நூலைச் சிதைக்காமல் அதன் மையை அறிவது எங்ஙனம்? முறைகள் பல உள. முதன்மையானவற்றை மட்டும் கூறுவோம்.

முதலாவது, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல். மரப்பலகை அச்சில் மரத்தின் வரிகளும், பலகை வெடித்த கோடுகளும் மையோடு சேர்ந்து தாளில் விழுந்திருக்கும். உலோக எழுத்து அச்சில் மை திட்டுத்திட்டாக நிற்கும்; எழுத்துக்கள் சாய்ந்தும் சிலவிடத்துத் தலைகீழாகவும் இருக்கும். செதுக்கிய பலகையில் எழுத்துத் தலைகீழாதற்கு இடமில்லை. கோத்த எழுத்தில்தான் அப்பிழை நேரும். மிக வலிய எலெக்ட்ரான் உருப்பெருக்கியால் நோக்கினால் கரித்துகள்களின் பருமனும் சீர்மையும் புலனாகும்.

இரண்டாவது, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, பொருளிலுள்ள தனிமங்கள் திருப்பி வெளியிடும் கதிர்களை அளத்தல். முத்திரைச் சிவப்பு இங்குலிகமாயின் பாதரசம் தெரியும். செம்பு, ஈயம், இரும்பு இருப்பின் அவையும் தெரியும். கரியோ மிக இலேசான தனிமமாதலின் இம்முறைக்கு எளிதில் அகப்படுவதில்லை. 2022-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டிலுள்ள ஆய்வுக்கூடத்தில், கூட்டன்பர்க் விவிலியத்தின் தாள்களையும் 15-ஆம் நூற்றாண்டுக் கொரிய அச்சுத் தாள்களையும் மிக வலிய எக்ஸ் கதிர்களால் ஆராயத் தொடங்கினர். அச்செழுத்தின் உலோகம் தாளில் ஏதேனும் சுவடு விட்டுச் சென்றதா என்று தேடுவது அம்முயற்சியின் ஒரு நோக்கம்.

மூன்றாவது, இராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த அவ்விளைவே இன்று உலகமெங்கும் பழஞ்சுவடிகளையும் ஓவியங்களையும் ஆராயும் கருவியாயிற்று. ஒளிக்கற்றை பொருளின்மேல் பட்டுச் சிதறும்பொழுது அதன் ஒரு சிறுபகுதி நிறம் மாறுகின்றது. அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். புகைக்கரிக்கு இரண்டு அகன்ற முகடுகள் தோன்றும். 'இது கரி மை' என்று அவை உறுதியாகக் கூறும். ஆனால் பைன்கரியா, எண்ணெய்க்கரியா என்று கேட்டால் அவற்றின் விடை அத்துணைத் தெளிவாயிராது. இருவகைக் கரிக்கும் முகடுகள் ஏறக்குறைய ஒன்றே.

அவ்வையத்தை நீக்க உதவுவது நான்காவது முறை. மையின் ஒரு துகளைக் காற்றில்லாச் சூட்டில் சிதைத்து, எழும் ஆவிகளைப் பிரித்தெடுத்து எடைபார்ப்பர். பைன் பிசின் எரிந்ததால் உண்டாகும் ரெட்டீன் என்னும் பொருள் தென்படின் அது பைன்கரிக்கு அடையாளம். விலங்குப் பசையும் தன் அடையாளங்களைக் காட்டும். மணத்திற்காகச் சேர்த்த கர்ப்பூரம்கூடச் சிலவற்றில் வெளிப்படும். ஆயின் அத்துகள் அழிந்துபோகும். ஆகவே பொறுப்புள்ளோர் இதனை எளிதில் அனுமதிப்பதில்லை.

ஐந்தாவது, கதிரியக்கக் கரியால் காலங்காணல். உயிருள்ள மரமும் செடியும் காற்றிலிருந்து கரியை உட்கொள்ளும்பொழுது, அதில் அணு எடை 14 உள்ள கதிரியக்கக் கரியும் மிகச் சிறிதளவு சேர்கின்றது. உயிர் நீங்கியபின் புதிது சேர்வதில்லை. இருப்பது மட்டும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. எஞ்சியதை அளந்தால் உயிர் நீங்கி எத்துணைக் காலம் ஆயிற்று என்பது விளங்கும். இன்று ஒரு மில்லிகிராமினும் குறைந்த கரி இருந்தாலே போதும். மை கரியாலானது; ஆகவே மையின் வயதை நேரே அளந்துவிடலாம் என்று தோன்றுகின்றதல்லவா? இங்கேதான் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும்.

4. எதன் வயது?

மேற்கூறிய முறை காட்டுவது அச்சிட்ட நாளை அன்று. கரிக்கு மூலமான மரமோ வித்தோ உயிர் நீங்கிய காலத்தையே அது காட்டுகின்றது. எள் ஆண்டுதோறும் விளைவது. எண்ணெய்க்கரியில் பெரும்பிழை நேராது. பைன் மரமோ நெடுங்காலம் நிற்பது. அதன் நடுவயிரம் மரம் வெட்டப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே உயிரோட்டம் அற்றதாயிருக்கலாம். செய்த மைக்கட்டியைப் பல்லாண்டுகள் வைத்திருந்து பயன்படுத்துவதும் உண்டு. மையில் கலந்த பசையின் கரியும், தாளின் நாரும், தொட்ட கைகளின் அழுக்கும் அளவோடு சேர்ந்துவிடலாம். இவையனைத்தையும் கழித்துக் கணக்கிட்டாலும் கிடைப்பது ஓர் ஆண்டு அன்று. பலகாலும் நூறாண்டு அகலமுள்ள ஒரு காலப்பரப்பே.

மற்றொன்றும் நோக்குக. கொரியாவின் ஹேயின்சா விகாரத்தில் 81,258 மரப்பலகைகளில் திரிபிடகம் முழுவதும் செதுக்கப்பட்டுள்ளது. 13-ஆம் நூற்றாண்டில், மங்கோலியர் படையெடுப்பால் நாடு துன்புற்ற நாளில் அப்பணி நிறைவேறிற்று. அதே பலகைகளைக் கொண்டு 1458-இல், மன்னர் செஜோ காலத்தில், 50 தொகுதிகள் அச்சிட்டனர். இருபதாம் நூற்றாண்டிலும் அச்சிட்டனர். எழுத்து ஒன்றே, பலகை ஒன்றே, மையும் தாளும் மட்டுமே வேறு. பலகையின் வயதை அச்சுத்தாளுக்குச் சூட்டுவதும், தாளின் வயதைப் பலகைக்குச் சூட்டுவதும் ஒருங்கே பிழையாகும்.

ஆகவே மையைப் பற்றிய எந்தச் செய்தியைக் கேட்டாலும், 'இது எதன் வயது?' என்பதே நம் முதற்கேள்வியாதல் வேண்டும்.

5. ஞானகீத எழுத்துக்களின் வழக்கு

இனி, முன்னர்க் குறித்த தருணத்திற்கு வருவோம்.

தியான மரபில் 'ஞானகீதம்' என்று போற்றப்படும் பாடலுக்கு நம்மியோங் என்னும் துறவி இயற்றிய விளக்கப் பாடல்களுடன் கூடிய நூல் ஒன்று கொரியாவில் 1239-இல் மரப்பலகையில் செதுக்கி வெளியிடப்பட்டது. அதன் இறுதியில், அந்நாளில் ஆட்சி செலுத்திய சோய் இ என்பார் எழுதிய குறிப்பு உளது. வார்ப்பெழுத்தால் அச்சான முந்தைய பதிப்பையே மீண்டும் பலகையில் செதுக்கச் செய்ததாக அவர் கூறுகின்றார். எனவே 1239-க்கு முன்பே கொரியாவில் உலோக எழுத்து அச்சு இருந்தது என்பது தெளிவு. ஆயினும் அந்த முதற்பதிப்பின் தாள் ஒன்றேனும், அதன் எழுத்து ஒன்றேனும் எவர்க்கும் கிடைக்கவில்லை.

இந்நிலையில் 2010-இல், தனியாரிடமிருந்த சில உலோக எழுத்துக்கள் அந்த முதற்பதிப்புக்குரியவையே என்று அறிவிக்கப்பட்டது. அது மெய்யாயின், ஜிக்ஜியினும் 138 ஆண்டுகளேனும் பழமையான எழுத்துக்கள் உலகின் கண்முன் வந்தனவாகும். கொரிய மக்கள் உள்ளங்களித்தனர். எழுத்துக்களின் பள்ளங்களில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டி எடுத்துக் கதிரியக்கக் கரியால் காலங்கண்டனர். கிடைத்த காலம் கோர்யோ அரச மரபின் காலத்தோடு ஒத்திருந்தது. இதனினும் சான்று வேறு வேண்டுமோ என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. 101 எழுத்துக்களை நாட்டின் அரும்பொருளாக அறிவிக்குமாறு அரசிடம் விண்ணப்பம் சென்றது.

ஆராய்ச்சி பல்லாண்டுகள் நடந்தது. 2017 ஏப்ரலில் கொரிய அரசின் பண்பாட்டுச் செல்வக் குழு அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. மையின் காலம் பழையதாயிருக்கலாம் என்பதை அது மறுக்கவில்லை. எனினும் அவ்வெழுத்துக்கள் எங்கே கண்டெடுக்கப்பட்டன, எவர் கைகளின் வழியாக வந்தன என்பது தெளிவுபடவில்லை. 1239-ஆம் ஆண்டுப் பதிப்பின் எழுத்துக்களோடு ஒப்புநோக்கியபொழுது வடிவும் அளவும் ஐயமற ஒத்துவரவுமில்லை. ஆதலின் அவை ஞானகீதத்தை அச்சிட்ட எழுத்துக்களே என்று கொள்வதற்கில்லை என்பது முடிவு.

இம்முடிவின் நுட்பத்தை உணர்தல் வேண்டும். பழைய மைக்கட்டியை உரைத்துப் புதிய உலோகத்தில் பூசுவது இயலாத செயலன்று. பழைய மை பழைய எழுத்தில் இருந்தாலும், அவ்வெழுத்து இந்நூலுக்குரியதுதான் என்பதை அம்மை சொல்லாது. 'நான் பழையவன்' என்று மட்டுமே மை சாட்சி சொல்லிற்று. 'நான் இன்ன நூலை அச்சிட்டவன்' என்று அது சொல்லவே இல்லை. அந்த இரண்டாம் வாக்கியத்தைச் சேர்த்தது மக்களின் விருப்பம்.

6. ஜிக்ஜியின் சாட்சிகள்

இதனோடு ஜிக்ஜியை ஒப்பிட்டு நோக்குவோம். பேகுன் என்னும் முதுபிக்கு, புத்தர்களும் ஆசாரியர்களும் மனத்தின் இயல்பை நேரே சுட்டிக் கூறிய மொழிகளைத் தொகுத்தார். மரபின்படி தென்னிந்தியாவிலிருந்து சீனஞ்சென்ற போதிதருமரும் அவ்வாசாரியர் வரிசையில் ஒருவர். பேகுன் 1374-இல் மறைந்தபின் அவருடைய மாணாக்கர்களான சொக்சானும் தால்தாமும் அதனை அச்சிட முனைந்தனர். பொருள் வழங்கியவர் ம்யோதொக் என்னும் பிக்குணி. அரசனின் அச்சகத்தில் அன்றி, சொங்ஜு நகரின் புறத்தேயிருந்த ஹுங்தொக்சா விகாரத்தில் அவ்வேலை நடந்தது.

இதை நாம் அறிவது எவ்வாறு? நூலின் இறுதித் தாளே கூறுகின்றது: 1377-ஆம் ஆண்டு ஏழாம் மாதம், சொங்ஜுவுக்கு வெளியே ஹுங்தொக்சாவில், வார்ப்பெழுத்தால் அச்சிடப்பெற்றது என்பது அக்குறிப்பின் பொருள். நூல் கைம்மாறிய வழியும் தெரியும். கொரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுத் தூதர் கொலின் த பிளான்சி அதனை வாங்கிச் சென்றார். 1911-இல் பாரிஸ் ஏலத்தில் ஆன்ரி வெவேர் 180 பிராங்குக்கு எடுத்தார். 1950-இல் அது பிரான்சின் தேசிய நூலகத்தை அடைந்தது. அங்குப் பணியாற்றிய கொரிய அறிஞர் பார்க் பியோங்சொன் அம்மையார் அதன் அருமையை ஆராய்ந்துணர்த்த, 1972-இல் உலகம் அதனைக் கண்டது. இரண்டு பாகங்களுள் இரண்டாம் பாகம் மட்டுமே எஞ்சியுள்ளது. அதிலும் முதல் தாள் இல்லை.

மையும் தன் சாட்சியை அளிக்கின்றது. ஓரெழுத்தில் கருமையும் அடுத்ததில் வெளிறலுமாக மை ஏற்றத்தாழ்வாய் நிற்பதும், வரிகள் கோணியிருப்பதும், எழுத்துச் சில தலைகீழாய் விழுந்திருப்பதும் கோத்த உலோக எழுத்தின் அடையாளங்களே. இவற்றிற்கெல்லாம் மேலாக, 1985-இல் சொங்ஜுவில் நிலத்தை அகழ்ந்தபொழுது 'ஹுங்தொக்சா' என்னும் பெயர் பொறித்த வெண்கலச் சேகண்டியின் துண்டு கிடைத்தது. நூல் சொன்ன விகாரத்தை மண் உறுதிசெய்தது. நூலிறுதிக் குறிப்பு, கைம்மாறிய வழி, மையும் எழுத்தும் காட்டும் அடையாளம், அகழ்வாய்வு ஆகிய நான்கும் ஒன்றையொன்று அறியாத நான்கு சாட்சிகள். நால்வரும் ஒரே செய்தியைக் கூறுகின்றனர். 2001-இல் யுனெஸ்கோ ஜிக்ஜியை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மற்றோர் உதாரணமும் தகும். 2021-இல் சியோல் நகரின் இன்சாதோங் பகுதியில் அகழ்வாய்வாளர்கள் மண்பானையொன்றினுள்ளும் அதனருகிலும் சுமார் 1,600 உலோக எழுத்துக்களைக் கண்டெடுத்தனர். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையும் அவற்றுள் உள. அவை எந்த மண்ணில், எந்த அடுக்கில், எப்பொருள்களோடு கிடந்தன என்பது பதிவாகியுள்ளது. ஆகவே அவற்றின் பிறப்பிடத்தைப் பற்றி ஐயம் எழவில்லை.

7. நாம் கொள்ளத்தக்கது

ஞானகீத எழுத்துக்களை ஏற்காததால் கொரிய பௌத்தத்தின் பெருமை எள்ளளவும் குறையவில்லை. 1239-ஆம் ஆண்டுக் குறிப்பு அவ்வாறே நிற்கின்றது. ஜிக்ஜி அவ்வாறே நிற்கின்றது. ஐயத்திற்குரிய ஒன்றை விலக்கியதால், உறுதியானவை மேலும் உறுதி பெற்றன. தன் நாட்டின் புகழைப் பெருக்கக்கூடிய ஒரு பொருளை, 'மெய்ப்பிக்கப்படவில்லை' என்று ஒரு நாட்டுக் குழு ஒதுக்கியதே நாம் வணங்கத்தக்க செயலாகும்.

நாம் தம்மத்தைப் பிறப்பால் பெறாமல், ஆராய்ந்து தேர்ந்து ஏற்றவர்கள். நம் முன்னோர் பெற்றிருந்த பழைய பௌத்தச் சிறப்பைத் தேடுகின்றோம். ஓர் ஊர்ப்பெயரிலும், உடைந்த சிலையிலும், செவிவழிக் கதையிலும் அதனைக் காண விழைகின்றோம். தேடுவது நன்று, தேடியே ஆக வேண்டும். ஆனால் ஒரு சான்று கிடைத்தவுடன், அது எதனைச் சொல்கின்றது, அதற்குமேல் நம் ஆவல் எதனைச் சேர்க்கின்றது என்று பிரித்தறியும் பழக்கம் நமக்கு வேண்டும். ஒரு தவறான சான்றை நாம் உயர்த்திப் பிடித்தால், அது வீழும் நாளில் நம் மெய்யான சான்றுகளும் நகைப்புக்கு இடமாகும். உள்ளதை உள்ளவாறு காண்டல் தியான அறையில் மட்டும் பயிலத்தக்கதன்று. நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் பயிலத்தக்கது.

பயிற்சி வினாக்கள்

(1) பைன்கரி மை, எண்ணெய்க்கரி மை இவற்றின் வேறுபாடு யாது? உலோக எழுத்துக்கு எது ஏற்றது? ஏன்?

(2) கதிரியக்கக் கரியால் மையின் காலத்தைக் கண்டால், அது அச்சிட்ட ஆண்டையே குறிக்கும் எனக் கொள்ளலாமா?

(3) ஞானகீத எழுத்துக்களுக்கு இல்லாது, ஜிக்ஜிக்கு உள்ள சாட்சிகள் எவை?

(4) உங்கள் ஊரில் பௌத்தப் பழமை உடையதாகக் கூறப்படும் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய சாட்சிகள் எத்தனை, அவை ஒன்றையொன்று சாராதவையா என்று ஆராய்ந்து, படிப்பு வட்டத்தில் எடுத்துரைக்க.